ஹாச்சிகோவைக் கொன்றது குச்சி அல்ல

"ஹாச்சிகோ எஜமானுக்காக ஒன்றும் காத்திருக்கவில்லை. ஸ்டேஷனில் கிடைத்த யாகிடோரிக்காகத்தான் (அதாவது குச்சியில் சுட்ட கோழிக்கறி) போனது. கடைசியில் அந்தக் குச்சி வயிற்றைக் குத்தித்தான் செத்தது" என்று, இறந்த எஜமானுக்காக ஜப்பானின் ஷிபுயா ஸ்டேஷனில் வருஷக்கணக்கில் காத்திருந்ததாகச் சொல்லப்படும் நாய் ஹாச்சிகோவைப் பற்றி ஒருவர் தன் பதிவில் எழுதியிருக்கிறார். இதில் பாதி உண்மை இருக்கிறது, அதனால்தான் சட்டென்று நம்பத் தோன்றுகிறது.

வருஷங்களைப் பாருங்கள். அதன் எஜமான், டோக்கியோ பேராசிரியர் உயெனோ இறந்தது 1925 மே மாதம். ஷிபுயா ஸ்டேஷனில் நிற்கும் அந்த அகிதா இன நாயைப் பற்றிப் பத்திரிகையில் செய்தி வந்தது 1932இல். ஆளாளுக்குத் தீனி போட்டதெல்லாம் பெரும்பாலும் அதற்கு அப்புறம்தான். அதற்கு முன்னால் அங்கே கிடைத்தது விரட்டலும் சீண்டலும்! சாப்பாடுதான் முக்கியம் என்றால், பேராசிரியர் இறந்த பிறகு அதை வளர்த்த அவருடைய தோட்டக்காரர் வீட்டிலேயே தட்டு இருந்தது.

சரி, சாவுக்கு வருவோம். 1935 மார்ச்சில் இறந்தபோது வயிற்றில் யாகிடோரிக் குச்சிகள் இருந்தது நிஜம். ஆனால் அவை வயிற்றைக் கிழிக்கவில்லை. பாதுகாத்து வைத்திருந்த உறுப்புகளை டோக்கியோ பல்கலைக்கழகத்தினர் ஆராய்ந்து 2011இல் சொன்னது: நுரையீரலிலும் இதயத்திலும் புற்றுநோய். போதாததற்கு ஃபைலேரியா புழுவும்.

அது கறியை ரசித்துத் தின்றிருக்கும், யார் இல்லை என்றது? பிஸ்கட்டுக்கு வாலாட்டும் நாய்தான் நம்மைப் பார்த்தும் ஆட்டுகிறது. ஒன்று இருந்தால் மற்றது பொய் என்று எப்படி ஆகும்? அந்தக் குச்சிக் கதையையாவது பதிவிலிருந்து எடுத்துவிடுங்கள்.