தடை எல்லாக் கட்டணங்களுக்கும் அல்ல

ஆஸ்திரேலியத் தொழிற்கட்சி கூடுதல் கட்டணங்கள் அனைத்தையும் ஒழிக்கப்போகிறது என்றும், அங்கே இதுவரை இதற்குச் சட்டமே கிடையாது என்றும் நண்பர் எழுதியிருக்கிறார், இரண்டுமே தவறு. முதலில் குறைந்த விலையைக் காட்டிவிட்டு, பணம் செலுத்தும் கட்டம்வரை கட்டணங்களை ஒவ்வொன்றாக ஏற்றிக்கொண்டே போவது, சந்தாவை நிறுத்தவிடாமல் அலைக்கழிப்பது முதலான நேர்மையற்ற வணிக நடைமுறைகளைத் தடைசெய்யும் திட்டத்தையே பிரதமர் அல்பனீசியின் தொழிற்கட்சி அரசு 2024 அக்டோபரில் அறிவித்தது. சேவைக்குக் கட்டணம் கேட்கும் உரிமையில் அது கைவைக்கவில்லை.

சட்டம் இல்லை என்பது இன்னும் பெரிய பிழை. 2011 முதல் நடப்பிலுள்ள ஆஸ்திரேலிய நுகர்வோர் சட்டத்தின் 48-ஆம் பிரிவு, விலையைப் பகுதி பகுதியாக விளம்பரம் செய்பவர், கணக்கிடக்கூடிய கட்டாயக் கட்டணங்களையும் வரியையும் சேர்த்த மொத்த விலையையும் அதே அளவு எடுப்பாகக் காட்டவேண்டும் என்கிறது. உணவகங்களின் வாரயிறுதி, விடுமுறைநாள் மிகைக்கட்டணங்களுக்கு மட்டும், பட்டியலில் தெளிவாக அறிவிக்கும் நிபந்தனையோடு, விலக்கு உண்டு. (அந்த விலக்கு தேவைதானா என்று கேட்டால் எனக்கும் ஐயம்தான்.)

டெபிட் கார்டில் பணம் செலுத்துவோரிடம் கடைகள் வாங்கும் மிகைக்கட்டணத்துக்கான தடை அதே 2024 அக்டோபரில் பேசப்பட்டாலும் தனி விவகாரம். 2026 ஜனவரி 1 முதல் அதைக் கொண்டுவரத் தயார் என்ற அரசு, ஆஸ்திரேலிய ரிசர்வ் வங்கியின் ஆய்வுக்கு உட்பட்டே அதைச் சொன்னது.