7 நாள் இணைப்பும் 7 வருடக் கணக்கும்
இணையத்தில் கோப்பு அனுப்பும் பகிர்வு இணைப்பு 7 நாளில் காலாவதியாகும்படி கெடு வைக்கச் சொல்லும் கட்டுரை ஒன்றைப் படித்தேன். அது சரிதான். ஆனால் இணைப்பு காலாவதியாகும்போது சர்வரில் இருக்கும் கோப்பும் சேர்ந்து அழிகிறதா என்று முதலில் பார்த்துவிடுங்கள். மலேசியாவில் சுங்கை சிப்புட் பக்கம் ஒரு தோட்ட ஆபீசில் நான் கிராணி, அதாவது எழுத்தர். எங்களுக்குக் கோப்பும் அழிந்தது. ரப்பர் மரத்தில் பால் வெட்டி ஓய்வுபெற்ற அக்கா ஒருவர் பழைய சம்பளச் சீட்டு கேட்டு, ஐசியை (அடையாள அட்டையை) பிளாஸ்டிக் பையில் சுற்றி எடுத்துக்கொண்டு வாசலில் நின்றார். என்னிடம் இருந்தது செத்துப்போன இணைப்பு மட்டும். அன்றிரவு தூக்கமே வரவில்லை.

1955 வேலைச் சட்டப்படி சம்பளப் பதிவுகளை 6 வருடம் வைத்திருக்க வேண்டும், வருமான வரிக்கு 7 வருடம். அதனால் இப்போது அனுப்புவதற்கு முன்பே ஒரு பிரதி அந்தந்த வருடத்தின் காப்பகக் கோப்புறைக்குப் போய்விடும். அப்புறம்தான் கெடு. ஐசி எண் உள்ள கோப்புக்கு 3 நாள் போதும், பாஸ்வேர்டை வாட்சாப்பில் தனியாக அனுப்புகிறேன்.