ஒன்பதுக்குத் துக்கம், ஏழுக்குத் திருவிழா

(அமெரிக்காவின் நாஷ்வில் நகரத்தில் ஒரு சலூன். 2025 ஜனவரி முதல் வாரம். கடைக்காரர் தலை நரைத்தவர், உள்ளூர் வாண்டர்பில்ட் பல்கலைக்கழக அணியின் ரசிகர். ஆட்டம் அமெரிக்க ஃபுட்பால், பந்தைக் கையில் ஏந்தி ஓடுவது. உள்ளே வருபவர் அலபாமாவிலிருந்து வேலைக்காகக் குடிவந்த வாலிபர். தலையில் அலபாமா பல்கலைக்கழக அணியின் கருஞ்சிவப்புத் தொப்பி.)

கடைக்காரர்: தொப்பியைக் கழற்றுங்கள் தம்பி. அதையும் சேர்த்து வெட்ட எனக்கு ஆசைதான், கத்தரி வீணாகிவிடும்.

வாலிபர்: பெரியவரே, ஒரே ஒரு நிபந்தனை. வெட்டி முடிக்கிற வரைக்கும் ஃபுட்பால் பேச்சு வேண்டாம்.

கடைக்காரர்: நான் ஏன் பேசப் போகிறேன்? துக்க வீட்டுக்காரரிடம் போய் அதையெல்லாம் கேட்பேனா?

வாலிபர்: என்ன துக்கம்? இந்த சீசனில் நாங்கள் 9 ஜெயித்தோம், 4 தோற்றோம். நீங்கள்?

கடைக்காரர்: 7 ஜெயித்தோம், 6 தோற்றோம்.

வாலிபர்: அப்புறம் எதற்கு வாசலில் இன்னும் சீரியல் பல்பு? கிறிஸ்துமஸ் முடிந்துவிட்டதே!

கடைக்காரர்: அது கிறிஸ்துமஸுக்குப் போட்டதில்லை. அக்டோபர் 5 ராத்திரியிலிருந்து எரிகிறது.

வாலிபர்: ஆரம்பித்துவிட்டீர்கள்.

கடைக்காரர்: நான் தேதிதானே சொன்னேன்! அன்றைக்கு நீங்கள் நாட்டிலேயே நம்பர் 1. முந்தின வாரம்தான் ஜார்ஜியாவை 41-34 என்று சாய்த்திருந்தீர்கள். நாங்கள் 1984-க்குப் பிறகு உங்களை ஜெயித்ததே இல்லை. வரிசையாக 23 தோல்வி. நம்பர் 1 அணி எதையும் எங்கள் காலேஜ் ஜெயித்ததாகச் சரித்திரமே கிடையாது. ஆட்டம் முடிந்தபோது 40-35. குனியுங்கள், பின்கழுத்து.

வாலிபர்: அன்றைக்கு எங்களுக்கு நேரம் சரியில்லை.

கடைக்காரர்: நேரத்தை நாங்கள் கொடுத்தால்தானே? மொத்தம் 60 நிமிஷம், அதில் 42 நிமிஷம் பந்து எங்கள் கையில். நாலு முயற்சிக்குள் 10 கஜம் நகர வேண்டும், இல்லையென்றால் பந்து உங்களுக்கு. மூன்றாவது முயற்சி வரைக்கும் இழுத்தது 18 தடவை. அதில் 12 தடவை தாண்டிவிட்டோம். கந்துவட்டிக்காரன் வசூல் மாதிரி, கொஞ்சம் கொஞ்சமாக, ஆனால் விடாமல். உங்கள் பையன்கள் ஓரமாக நின்று தண்ணீர் குடித்தே களைத்துப்போனார்கள்.

வாலிபர்: எல்லாம் பந்தை எறிந்து உங்கள் ஆட்டத்தை நடத்துகிற அந்த டியேகோ பவியா செய்த வேலை. அவனை எங்கே பிடித்தீர்கள்?

கடைக்காரர்: நியூ மெக்ஸிகோவில் ஒரு ராணுவ ஜூனியர் காலேஜ், அப்புறம் நியூ மெக்ஸிகோ ஸ்டேட். அங்கே இருக்கும்போதே, 2023-இல், ஆபர்ன் அணியை அவர்கள் ஊருக்கே போய் 31-10 என்று அடித்தவன்.

வாலிபர்: (சட்டென்று நிமிர்ந்து) ஆபர்னையா? எங்கள் மாநிலத்துக்குள்ளேயே இருக்கிற பரம எதிரி! அது புண்ணிய காரியம்.

கடைக்காரர்: இந்த வருஷம் எங்களுக்காக மறுபடியும் அடித்தான். 17-7.

வாலிபர்: தங்கமான பிள்ளை!

கடைக்காரர்: ஆடாதீர்கள், காது போய்விடும். உங்களை அடித்தாயிற்று, ஆபர்னை அடித்தாயிற்று, டிசம்பர் 27 அன்று பர்மிங்காமில் ஜார்ஜியா டெக்கை 35-27. பர்மிங்காம் எந்த மாநிலத்தில் இருக்கிறது?

வாலிபர்: ...அலபாமா.

கடைக்காரர்: பட்டா எப்போது மாற்றித் தருகிறீர்கள்?

வாலிபர்: ரொம்பத் துள்ள வேண்டாம். செப்டம்பரில் ஜார்ஜியா ஸ்டேட் என்ற சின்ன அணியிடம் 36-32 தோற்றது யார்?

கடைக்காரர்: (கத்தரி நிற்கிறது) அது... வழக்கமான நாங்கள். அடுத்த வாரம் மிசூரியிடம் இரண்டாவது ஓவர்டைமில் 30-27. அந்த வெறுப்பில்தான் அலபாமா ஆட்டத்துக்கான என் டிக்கெட்டை விற்றுத் தொலைத்தேன்.

வாலிபர்: விற்றீர்களா! யாரிடம்?

கடைக்காரர்: உங்கள் ஊர்க்காரர் ஒருவரிடம். பெரிய அணி வந்தால் எங்கள் மைதானத்தில் பாதி எதிராளிதான். எப்படியும் அடி விழும், காசாவது வரட்டும் என்று பார்த்தேன்.

வாலிபர்: (சிரிப்பில் கழுத்துத் துணி அவிழ்கிறது) உங்கள் ஜென்மத்திலேயே பெரிய ஆட்டம், உங்கள் சீட்டில் எங்கள் ஆள்!

கடைக்காரர்: அவரும் பாவம், என்னிடம் கூடுதல் விலை கொடுத்து வாங்கி அழுதிருக்கிறார்.

வாலிபர்: அப்போது ஜெயித்த குஷியில் உங்கள் ரசிகர்கள் கோல்போஸ்டைப் பிடுங்கித் தூக்கிப் போன ஊர்வலமும் டிவியில்தானா?

கடைக்காரர்: அதை விடுவேனா? கடையைப் பூட்டிவிட்டு பிராட்வே தெருவுக்கு ஓடினேன். இரண்டு பக்கமும் பாரில் கிடார் சத்தம், நடுவில் ஆள் உயரத்தில் மஞ்சள் கம்பம் மிதந்து வருகிறது. மைதானத்திலிருந்து ஏறக்குறைய 3 மைல் தூக்கி வந்திருக்கிறார்கள். பத்தடி தூரம் நானும் தோள் கொடுத்தேன். சட்டையெல்லாம் மஞ்சள் பெயின்ட். கம்பர்லாந்து ஆற்றில் போட்ட பிறகுதான் பிள்ளைகள் ஓய்ந்தார்கள்.

வாலிபர்: அப்புறம் அதை வெளியே எடுத்துத் துண்டு போட்டு விற்றார்களாமே?

கடைக்காரர்: படிப்பாளிகள் காலேஜ் இல்லையா? எதுவும் வீணாகாது. அபராதத்துக்கும் காசு வேண்டுமே.

வாலிபர்: என்ன அபராதம்?

கடைக்காரர்: கூட்டம் மைதானத்துக்குள் இறங்கியதற்கு 1,00,000 டாலர். யாருக்குப் போகிறது தெரியுமா? விதிப்படி எதிரணிக்கு.

வாலிபர்: எங்களுக்கா!

கடைக்காரர்: உங்களுக்கே. எத்தனை வருஷம் தோற்றோம், எங்களுக்கு ஒரு டீ வாங்கிக் கொடுத்த ஆள் உண்டா?

வாலிபர்: எங்கள் பழைய கோச் நிக் சேபன் இன்னும் இருந்திருந்தால் இதெல்லாம் நடந்திருக்காது.

கடைக்காரர்: 17 சீசன், 6 தேசியப் பட்டம். அதுதான் உங்கள் வியாதி. புதிதாக வந்த டிபோர் நாலு தோற்றதற்கே பெட்டி கட்டச் சொல்கிறீர்கள். எங்கள் கோச் கிளார்க் லீ 2023-இல் 10 தோற்றார். ஜெயித்தது 2. ஒருத்தரும் திட்டவில்லை.

வாலிபர்: அவ்வளவு பொறுமையா?

கடைக்காரர்: பார்க்க ஆள் இருந்தால்தானே திட்டுவதற்கு!

வாலிபர்: சரி, பவியா போய்விடுவான், உங்கள் கூத்தும் முடிந்துவிடும்.

கடைக்காரர்: அதுதான் இல்லை. காலேஜ் அணியில் ஒருவர் இத்தனை சீசன்தான் ஆடலாம் என்று விதி. ஜூனியர் காலேஜில் ஆடியதை அந்தக் கணக்கில் சேர்க்கக் கூடாது என்று கேஸ் போட்டான். டிசம்பரில் கோர்ட் அவன் பக்கம் உத்தரவு போட்டுவிட்டது. இன்னொரு சீசன் ஆடுவான்.

வாலிபர்: (தொப்பியை மாட்டியபடி) வரட்டும். அக்டோபரில் டஸ்கலூசாவில், எங்கள் மைதானத்தில் ஆட்டம். அன்றைக்குப் பார்த்துக்கொள்கிறோம். எவ்வளவு ஆயிற்று?

கடைக்காரர்: காசு இருக்கட்டும் தம்பி. டஸ்கலூசாவில் ஆறு ஏதாவது இருக்கிறதா?

வாலிபர்: இருக்கிறதே, பிளாக் வாரியர் ஆறு. ஏன்?

கடைக்காரர்: மைதானத்திலிருந்து எவ்வளவு தூரம்?

வாலிபர்: ஒரு மைல் இருக்கும்.

கடைக்காரர்: (தோளைத் தேய்த்துக்கொண்டே) அவ்வளவு பக்கமா? அப்படியானால் இந்தத் தடவை டிக்கெட்டை விற்க மாட்டேன்.