இன்னும் கொஞ்சம் சவுண்டு ஏத்துங்க தம்பி

பதிவான பாட்டைக் கடைசியாகச் சீர்செய்து வெளியிடத் தயாராக்கும் பிரதிக்கு மாஸ்டர் என்று பெயர். அது என் வேலை. ஒரே பாட்டுக்கு இது 11-ஆவது மாஸ்டர். ராத்திரி பன்னிரண்டு மணிக்குப் பாட்டின் சொந்தக்கார அண்ணனிடமிருந்து வாட்ஸ்அப்பில் வருகிறது: "தம்பி, அருமை. ஆனா மத்த பாட்டுக்குப் பக்கத்துல போட்டா நம்மது அமுங்கிப் போகுது. இன்னும் கொஞ்சம் சவுண்டு ஏத்துங்க."

எங்கே ஏற்றுவது அண்ணே? மேலே இடம் இருந்தால்தானே? டிஜிட்டல் ஒலிக்குக் கூரை ஒன்று உண்டு. பூஜ்யம் டெசிபல். அதைத் தாண்டினால் அலையின் தலை வெட்டுப்பட்டுக் கரகரக்கும். உங்கள் பாட்டு மூன்றாவது மாஸ்டரிலேயே அந்தக் கூரையில் முட்டிவிட்டது. அதற்கப்புறம் நான் செய்ததெல்லாம் ஏற்றுவதே இல்லை. லிமிட்டரைப் போட்டு உச்சத்தில் இருப்பதை நசுக்கி, அடியில் இருப்பதைத் தூக்கி, எல்லாவற்றையும் ஒரே மட்டத்துக்குக் கொண்டுவரும் வேலை. திரையில் வேவ்ஃபார்மை, அதாவது ஒலியலையின் படத்தைப் பார்த்தால் மலையும் பள்ளமுமாக இருந்தது, இப்போது ஹாலோபிளாக் சுவர் மாதிரி நிற்கிறது.

அது ஓர் அம்மன் பாட்டு. முதல் நாற்பது நொடி தம்புராவும் ஒரு பெண் குரலும் மட்டும். அந்தம்மா பாடி முடித்து மூச்சு விடுவதுகூடக் கேட்கும். ஒரு கணம் எதுவும் இல்லை. அப்புறம் தவில். அந்த முதல் அடி விழும்போது நெஞ்சுக்குள் ஏதோ நகர வேண்டும். நகர்த்துவது தவில் மட்டுமில்லை, அதற்கு முந்தின அமைதியும்தான். என் முதல் மாஸ்டரில் குரலுக்கும் தவிலுக்கும் நடுவே ஏறக்குறைய 10 டெசிபல் இடைவெளி இருந்தது. காதுக்கு அது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு சத்தம். 11-ஆவதில் மிஞ்சியது 2 டெசிபல். தவில்காரர் தோல் கிழிய அடித்தது இப்போது யாரோ பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டுவது மாதிரி இருக்கிறது. தம்புராவோ ரைஸ் மில் மோட்டார் மாதிரி இரைகிறது.

சரி, இத்தனை நாசம் செய்து சத்தமாவது கிடைத்ததா? அங்கேதான் எனக்கு வயிறு எரிகிறது. ஸ்பாட்டிஃபை எல்லாப் பாட்டையும் சுமார் மைனஸ் 14 எல்.யு.எஃப்.எஸ். அளவுக்குக் கொண்டுவந்துதான் ஒலிக்கவிடுகிறது. பாட்டு மொத்தமாகக் காதுக்கு எவ்வளவு சத்தம் என்று சொல்லும் அளவு அது; பூஜ்யத்தை நெருங்க நெருங்கச் சத்தம் அதிகம். யூடியூபிலும் அதே சுமாருக்குக் குறைத்துவிடுவார்கள். ஆப்பிளில் மைனஸ் 16. நான் ராப்பகலாக நசுக்கி மைனஸ் 7-க்குக் கொண்டுவந்த மாஸ்டரை அவர்கள் சத்தமில்லாமல் 7 டெசிபலாவது இறக்கிவிடுவார்கள். அதாவது சத்தம் போய்விடும், நசுங்கல் மட்டும் அப்படியே இருக்கும். மைனஸ் 14-இல் இருந்த என் முதல் மாஸ்டரை யாரும் பெரிதாகத் தொடமாட்டார்கள். பக்கத்தில் பக்கத்தில் போட்டுக் கேட்டால் அதில்தான் தவில் இடிக்கும். உப்பின பூரியை உள்ளங்கையால் அமுக்கிவிட்டு, தட்டை அடைத்துக்கொண்டிருக்கிறது பார் என்று பெருமைப்படுவதற்கும் இதற்கும் என்ன வித்தியாசம்?

அண்ணன் பக்கம் பாதி நியாயம் இருக்கிறது என்பதும் தெரியும். அவர் ஸ்பாட்டிஃபையில் கேட்பதில்லை. நான் அனுப்பும் ஃபைலை பென் டிரைவில் போட்டு காரில் கேட்கிறார். அங்கே குறைத்துக் கொடுக்க யாரும் இல்லை. முந்தின பாட்டு காதைப் பிளந்தால் நம்முடையது சப்பென்றுதான் இருக்கும். போதாததற்கு, ஆடி மாதம் கோயில் வாசலில் குழாய் ஸ்பீக்கரில் போடப்போகிறார்கள். அதில் அந்தம்மாவின் மூச்சு சத்தமும் தம்புராவும் எந்த மூலைக்கு? ஆனால் காரிலும் சரி, கோயிலிலும் சரி, வால்யூம் குமிழ் என்று ஒன்று இருக்கிறதே! சத்தம் போதவில்லையென்றால் யார் வேண்டுமானாலும் அதைத் திருகலாம். நான் நசுக்கித் தந்ததைத் திரும்ப நிமிர்த்த எந்தக் குமிழும் கிடையாது.

போன வாரம் அவரையே ஸ்டுடியோவுக்கு வரவழைத்தேன். முதல் மாஸ்டரையும் 11-ஆவதையும் ஒரே சத்த அளவுக்குக் கொண்டுவந்து, எது எது என்று சொல்லாமல் போட்டுக் காட்டினேன். தவில் விழுந்ததும் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார். "இதுதான் தம்பி! இதுல உயிர் இருக்கு." முதல் மாஸ்டர். எனக்குக் கண்ணில் தண்ணீரே வந்துவிட்டது. காபி குடித்தார். கிளம்பும்போது வாசலில் நின்று சொன்னார்: "இதையே கொஞ்சம் சவுண்டா குடுத்துருங்க."

காதின் கோளாறு அப்படி. ஒரே பாட்டை ஒரு டெசிபல் கூட்டிப் போட்டால், சத்தம் கூடியிருக்கிறது என்று தோன்றாது, நன்றாக இருக்கிறது என்றுதான் தோன்றும். மெதுவாகக் கேட்கும்போது காது பாஸை, அதாவது அடித்தள ஒலியை, இழக்கும், சத்தம் கூடக் கூட அது நிறைந்து வரும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஒலி ஆராய்ச்சியாளர்கள் 1933-லேயே வரைபடம் போட்டுக் காட்டியாயிற்று. அண்ணனைத் தனியாகத் திட்டி என்ன பயன்? உலகமே இப்படித்தான். சிடி வந்தபோது மெல்லிய ஒலிக்கும் பெரிய ஒலிக்கும் நடுவே 96 டெசிபல் இடம் கிடைத்தது. நாலு கட்டு வீடு கட்டிக் கொடுத்தும் எல்லோரும் மொட்டை மாடியில் நெருக்கியடித்துப் படுத்துக்கொண்டோம். 2008-இல் அமெரிக்க ராக் குழு மெட்டாலிகாவின் 'டெத் மேக்னடிக்' ஆல்பம் வந்தபோது, அதே பாட்டுகள் ஒரு வீடியோ கேமில் நசுங்காமல் இருப்பதை ரசிகர்களே கண்டுபிடித்து, ஆயிரக்கணக்கில் கையெழுத்துப் போட்டு மறுபடி மிக்ஸ் செய்யச் சொன்னார்கள். மாஸ்டரிங் செய்த டெட் ஜென்சன், என்னிடம் வரும்போதே அப்படித்தான் நசுங்கி வந்தது என்று ஒரு ரசிகருக்கு எழுதினார். அந்த மனுஷன் வலி எனக்குத் தெரியும்.

நம் தியேட்டர் கதை இன்னும் மோசம். டால்பி கணக்கில் ஃபேடர், அதாவது தியேட்டரின் சத்தக் குமிழ், 7-இல் இருக்க வேண்டும். காது வலிக்கிறது என்று ஜனங்கள் சொல்ல, தியேட்டர்காரர் 5-க்கு இறக்குகிறார். எப்படியும் இறக்கத்தானே போகிறார்கள் என்று மிக்ஸிங்கில் ஏற்றுகிறார்கள். அவர் இன்னும் இறக்குகிறார். 2024 நவம்பரில் 'கங்குவா' படம் வந்தபோது தயாரிப்பாளரே சத்தத்தை இரண்டு புள்ளி குறைக்கச் சொல்ல வேண்டியதாயிற்று. நம் கலை இந்தச் சத்தப் போரில் மாட்டிக்கொண்டதே என்று ஒலி வடிவமைப்பாளர் ரசூல் பூக்குட்டி வருத்தப்பட்டு எழுதினார். ஆஸ்கர் வாங்கியவருக்கே அந்தக் கதி என்றால், நான் வாடகை அறையில் முட்டை அட்டையைச் சுவரில் ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருப்பவன்.

கடைசியில் 12-ஆவது மாஸ்டரையும் அனுப்பிவிட்டேன். மீட்டரில் மைனஸ் 6. லிமிட்டரின் முள் சிவப்பிலேயே ஒட்டிக்கிடக்கிறது. 'ஓம் சக்தி' என்று குரல் ஏறும் இடத்தில் ச-வெல்லாம் எண்ணெயில் கடுகு போட்ட மாதிரி பொரிகிறது. அண்ணன் கட்டைவிரலைத் தூக்கி மூன்று பொம்மை அனுப்பியிருக்கிறார். கூடவே ஒரு செய்தி: அடுத்த பாட்டு தயாராம், முழுக்க உறுமி மேளமாம்.