ஜெர்சி கடைசியில் வரட்டும்

ஜூனில் பள்ளி திறந்ததும் ஃபுட்பால் டீம் பெற்றோர் வாட்ஸ்அப் குரூப்பில் முதலில் கிளம்பும் பேச்சு ஜெர்சிதான். என்ன கலர், முதுகில் பெயர் வேண்டுமா, யார் ஸ்பான்சர். தலைக்கு இவ்வளவு என்று வசூல் நடக்கும், சென்னைப் பெரியமேட்டுக் கடைகளுக்கு ஆர்டர் போகும், போட்டோ எடுத்து ஸ்டேட்டஸ் வைத்ததும் நம் பங்கு முடிந்தது என்று ஆகிவிடுகிறது. ஜெர்சியே வேண்டாம் என்று சொல்லவில்லை. டீமுக்குச் செலவு செய்யும் வரிசையில் அது கடைசியாக வர வேண்டும் என்கிறேன். பழைய டி-ஷர்ட்டில் ஒரு சீசனே ஆடிவிடலாம். வெறும் வயிற்றோடு ஆட முடியாது, வழுக்கும் ஷூவில் ஆட முடியாது, பிறப்புச் சான்றிதழில் பெயர் மாறியிருந்தால் மைதானத்துக்குள் இறங்கவே முடியாது.

சென்னையில் திறமைக்குப் பஞ்சமில்லை. வியாசர்பாடியில் வளர்ந்த தனபால் கணேஷ் 2017-18-இல் ஐ.எஸ்.எல். (இந்தியன் சூப்பர் லீக்) கோப்பை வென்ற சென்னையின் எஃப்.சி. அணியில் ஆடியவர். குறை இருப்பது பயிற்சியைச் சுற்றியுள்ள ஏற்பாடுகளில். பல பள்ளிகளில் இருப்பது ஒரே ஒரு பி.டி. சார். கபடிக்கும் அவர்தான், அத்லெட்டிக்ஸுக்கும் அவர்தான், காலை அசெம்பிளிக்கும் அவர்தான். ஃபுட்பாலுக்கு அவரிடம் மிஞ்சுவது காலையில் ஒன்றரை மணி நேரம். அதிலும் பந்துக்குக் காற்றடித்து, தண்ணீருக்கு ஆள் அனுப்பி, முட்டித் தோல் பெயர்ந்த பையனுக்குப் பஞ்சு தேடிக்கொண்டிருந்தால் ஆட்டத்தை எப்போது சொல்லிக்கொடுப்பார்? ஆட்டத்தைத் தவிர மற்ற எல்லா வேலையையும் அவர் தலையிலிருந்து இறக்குவதுதான் பெற்றோர் செய்யக்கூடிய பெரிய உதவி.

முதலில் சாப்பாடு. முதலமைச்சரின் காலை உணவுத் திட்டம் ஐந்தாம் வகுப்போடு முடிகிறது. சத்துணவு பத்தாம் வகுப்பு வரைதான். டீமில் ஆடுவதோ எட்டாவது முதல் பிளஸ் டூ வரை படிக்கும் பிள்ளைகள். காலை ஆறு மணி பிராக்டிஸுக்கு ஐந்தரைக்கு வீட்டை விட்டுக் கிளம்பும் பையன், ஒன்பது மணிக்கு அப்படியே வகுப்பில் போய் உட்காருகிறான். இரண்டாவது பீரியடில் தூங்கி வழிந்தால் 'விளையாட்டால் படிப்பு கெட்டது' என்று வீட்டில் சொல்கிறோம். அவன் பட்டினியாக இருக்கிறான், அவ்வளவுதான்.

24 பேர் கொண்ட டீமுக்குக் கணக்குப் போட்டுச் சொல்கிறேன். முக்கால் கிலோ கேழ்வரகு மாவு, ஏழு லிட்டர் தண்ணீர், இரண்டு லிட்டர் மோர், உப்பு. மாவை முந்தின இரவே கரைத்து வைத்துக் காலையில் காய்ச்சினால் ஆளுக்கு ஒரு பெரிய டம்ளர் கஞ்சி வரும். கூடவே 24 வேகவைத்த முட்டை, 24 வாழைப்பழம். முட்டை சாப்பிடாத பிள்ளைகளுக்குச் சுண்டல் அல்லது வேர்க்கடலை உருண்டை. பழத்தைப் பிராக்டிஸுக்கு முன்னால் கொடுங்கள், கஞ்சியும் முட்டையும் முடிந்த பிறகு. வாரம் மூன்று நாள் பிராக்டிஸ், ஒரு நாளைக்கு இரண்டு வீடு என்று பிரித்தால் ஒரு குடும்பத்துக்கு நான்கு வாரத்துக்கு ஒரு முறைதான் முறை வரும். இந்த ஏற்பாடு எங்கே உடைகிறது என்றால், பட்டியல் எழுதாமல் 'யாராவது பார்த்துக்கொள்வார்கள்' என்று விடும்போது. இரண்டாவது மாதத்தில் மூன்று அம்மாக்கள் மட்டுமே கஞ்சி காய்ச்சிக்கொண்டிருப்பார்கள். பெயரையும் தேதியையும் எழுதி ஒட்டுங்கள், அப்பாக்கள் பெயரையும் சேர்த்து. விடியும் முன்பே காசிமேடு மீன்பிடித் துறைமுகத்துக்கோ வீட்டு வேலைக்கோ போகிறவர்களுக்கு ஞாயிற்றுக்கிழமை மைதான வேலையைக் கொடுங்கள். அதுவும் சமமான பங்குதான், அதைக் குறைவாகப் பேச யாரையும் விடக்கூடாது.

தண்ணீர் விஷயத்தில் நம் ஊர் வெயில் மட்டும் பிரச்சினை இல்லை. காற்றில் ஈரப்பதம் அதிகம் என்பதால் வியர்வை காயாது, காயாத வியர்வை உடம்பைக் குளிர்விக்காது. கால் மணி நேரத்துக்கு ஒரு முறை ஒரு டம்ளர், அதாவது 150 முதல் 200 மில்லி, குடிக்க வைக்க வேண்டும். ஒன்றரை மணி நேரத்துக்கு ஆளுக்கு ஒரு லிட்டர் வரும். ஆக 24 பேருக்கு 20 லிட்டர் கேன் இரண்டு, மிச்சம் தலையில் ஊற்றிக்கொள்ள. மேட்ச் நாளில் ஓ.ஆர்.எஸ். கரைத்து வையுங்கள்: ஒரு லிட்டருக்கான பாக்கெட்டை முழுதாக ஒரு லிட்டரில் கொட்ட வேண்டும். பாதிப் பாக்கெட்டை ஒரு பாட்டிலில் போட்டுக் கண்ணளவாகக் கலக்கக்கூடாது. அட்டைப்பெட்டியில் வரும் இனிப்புப் பானம் ஓ.ஆர்.எஸ். ஆகாது, உலக சுகாதார நிறுவனத்தின் கலவை என்று பாக்கெட்டில் போட்டிருக்கிறதா பாருங்கள். இளநீர் நல்லதுதான். ஆனால் வியர்வையில் போகும் உப்பு அதில் குறைவு, ஒரு சிட்டிகை உப்பு போட்டுக் கொடுங்கள்.

வெயிலில் ஆடும் பிள்ளை தள்ளாடினாலோ, உளறினாலோ, கேட்டதற்குச் சம்பந்தமில்லாமல் பதில் சொன்னாலோ அது வெப்ப வாதம் (ஹீட் ஸ்ட்ரோக்). 108-க்கு போன் போகும்போதே நிழலுக்குத் தூக்கி, உடம்பு முழுக்கத் தண்ணீர் ஊற்றி, கழுத்து, அக்குள், தொடை இடுக்கில் ஐஸ் வைத்து விசிறுங்கள். முதலில் குளிர்விப்பது, பிறகுதான் வண்டி. மயக்கத்தில் இருக்கும் பிள்ளையின் வாயில் எதையும் ஊற்றாதீர்கள். இதற்காகவே ஐஸ் பெட்டி மைதானத்தில் இருக்க வேண்டும். மீன் மார்க்கெட் ஐஸ் போதும், ஆனால் அது உடம்பின் மேல் வைக்க மட்டும்தான்.

அடுத்து ஷூ. டிவியில் பார்க்கும் ஷூவின் அடியிலுள்ள நீளமான குமிழ், அதாவது ஸ்டட், புல்தரைக்கானது. நம் பள்ளி மைதானங்கள் கட்டாந்தரை, செம்மண், சரளை. அங்கே நீள ஸ்டட் தரைக்குள் இறங்காது. முழு எடையும் நாலைந்து புள்ளிகளில் நிற்கும், குதிகால் வலிக்கும், திரும்பும்போது கணுக்கால் மடங்கும். அடியில் குட்டிக் குட்டி ரப்பர் குமிழ்கள் நிறைய உள்ள டர்ஃப் ஷூதான் நமக்குச் சரி. வளர்கிற பிள்ளைதானே என்று இரண்டு சைஸ் பெரிதாக வாங்காதீர்கள், காலுக்குள் வழுக்கி நகம் கறுக்கும். விளையாடும்போது போடும் சாக்ஸோடு மாட்டிப் பார்த்து, பெருவிரலுக்கு முன்னால் ஒரு கட்டைவிரல் அகலம் இடம் இருந்தால் போதும். சின்னதாகிப் போன ஷூக்களைக் கழுவி, சைஸ் எழுதி ஒரு பெட்டியில் போட்டு வைத்தால் அடுத்த பிள்ளைக்கு உதவும். முழங்காலுக்குக் கீழே முன்பக்க எலும்பைக் காக்கும் ஷின் கார்டு கட்டாயம், ஆட்ட விதியே அதுதான். பிராக்டிஸிலும் போட வேண்டும்.

பந்து இரண்டு பேருக்கு ஒன்று. 24 பேருக்கு இரண்டு பந்து இருந்தால் 22 பேர் நின்று வேடிக்கை பார்க்கிறார்கள் என்று அர்த்தம். சரளையில் உயர்ந்த ரகப் பந்து சீக்கிரமே தோல் உரிந்துவிடும், கட்டாந்தரைக்கென்று வரும் ரப்பர் மேல்பூச்சுப் பந்தை வாங்குங்கள். 12 வயதுக்குக் கீழே நான்காம் நம்பர், மேலே ஐந்தாம் நம்பர். எவ்வளவு காற்று என்பது பந்திலேயே வால்வு பக்கத்தில் அச்சிட்டிருக்கும், அதைப் பார்க்க ஒரு கேஜ் வாங்கிப் போடுங்கள். ஊசியை நனைக்காமல் குத்தினால் வால்வு கிழிந்து பந்து போய்விடும். ஊசி உடையும், பத்து வாங்கி வையுங்கள்.

மைதானம் பெற்றோரின் ஞாயிறு வேலை. பத்துப் பேர் கை தொடும் தூரத்தில் வரிசையாக நின்று, ஒரு கோடியிலிருந்து மறு கோடிக்குக் குனிந்து பார்த்தபடி நடந்தால் பாட்டில் சில்லு, ஆணி, கல் எல்லாம் வாளிக்கு வந்துவிடும். மழைக்குப் பிறகு பள்ளத்தைக் கட்டட இடிபாட்டால் நிரப்பாதீர்கள், அதில் கம்பியும் உடைந்த ஓட்டுச் சில்லும் இருக்கும். கோடு போடச் சுண்ணாம்பு வேண்டவே வேண்டாம், கண்ணில் பட்டால் வெந்துவிடும். கல் மாவாக விற்கும் கோலமாவே போதும். எல்லாவற்றையும் விட முக்கியம் கோல்போஸ்ட். தூக்கி வைக்கும் இரும்பு போஸ்டில் பிள்ளைகள் தொங்கினால் அது முன்பக்கமாகச் சாயும். உலகம் முழுக்க இதில் குழந்தைகள் இறந்திருக்கிறார்கள். தரையில் முளை அடித்துக் கட்ட வேண்டும். முடியாவிட்டால் பின்கம்பி முழுக்க மணல் மூட்டை. இரண்டு பெரியவர்கள் மேல்கம்பியைப் பிடித்து முன்னால் இழுத்தால் அசையக்கூடாது. அசைந்தால் அன்றைக்கு இரண்டு செங்கல்லை வைத்து ஆடட்டும்.

அரசுப் பள்ளி என்றால் பள்ளி மேலாண்மைக் குழுவைப் பயன்படுத்துங்கள். கல்வி உரிமைச் சட்டப்படி அதில் முக்கால் பங்கு பெற்றோர்தான். 'மைதானத்தில் போஸ்ட் ஆபத்தாக இருக்கிறது, கழிவறைக் கதவு இல்லை' என்று தீர்மானமாக எழுதினால் அது பதிவாகிறது, வாய்மொழியாகச் சொன்னால் காற்றோடு போகிறது. நன்கொடையை பெற்றோர் ஆசிரியர் கழகக் கணக்கில் போட்டு ரசீது வாங்குங்கள். பி.டி. சார் கையில் காசு கொடுக்காதீர்கள். கொடுத்தால் 'காசு கொடுத்தவர் மகன் அதனால்தான் டீமில் இருக்கிறான்' என்ற பேச்சு ஒரே வாரத்தில் வரும், அது சாருக்கும் அந்தப் பையனுக்கும் செய்யும் அநியாயம்.

அடிபட்டால் என்ன செய்வது என்பதில்தான் நம் பழக்கங்கள் பிள்ளைகளைக் கெடுக்கின்றன. கணுக்கால் வீங்கினால் உடனே தைலம் போட்டுத் தேய்க்கிறோம், சுளுக்கு எடுக்கிறோம். முதல் இரண்டு நாள் தேய்க்கவே கூடாது. துணியில் சுற்றிய ஐஸ் 15 நிமிடம், கிரேப் பேண்டேஜ், காலை உயர்த்தி வைப்பது. நாலு எட்டு நடக்க முடியவில்லை என்றாலோ, எலும்பின் மேல் அழுத்தினால் துடித்தாலோ எக்ஸ்-ரே. நாட்டுக்கட்டுப் போடும் இடத்துக்கு அதற்கு முன்னால் கொண்டுபோகாதீர்கள். இந்த வயதில் எலும்பின் முனையில் வளர்ச்சித் தட்டு இன்னும் மூடியிருக்காது, அது உடைந்திருந்து தப்பாகக் கூடினால் கால் கோணலாகவே வளரும். 10 முதல் 15 வயதில் முட்டிக்குக் கீழே புடைத்து வலிப்பதும், குதிகால் வலிப்பதும் பெரும்பாலும் வளர்ச்சியோடு வருபவை. பொய் சொல்கிறான் என்று நினைக்காமல் ஓட்டத்தையும் குதிப்பதையும் குறைத்து, டாக்டரிடம் காட்டுங்கள்.

தலையில் மோதி ஒரு நொடி தடுமாறினாலும், தலைவலி, வாந்தி, மங்கல் பார்வை என்றாலும் அன்றைக்கு ஆட்டம் முடிந்தது. இறுதிப் போட்டியாக இருந்தாலும் சரிதான். டாக்டர் சொல்லும் வரை ஆட்டமும் கிடையாது, ஹெட்டிங்கும் கிடையாது. இதில் சார் தயங்கினால் பெற்றோர் தயங்கக்கூடாது. செம்மண்ணில் முட்டித் தோல் பெயர்ந்தால் நிறைய சுத்தமான தண்ணீரில் மண் போகும்வரை கழுவி, பிறகு மருந்து. 10 வயதிலும் 16 வயதிலும் போட வேண்டிய டி.டி. (டெட்டனஸ், டிப்தீரியா) ஊசி போட்டாயிற்றா என்று சீசன் தொடங்கும் முன்பே எல்லாருக்கும் பார்த்துவிடுங்கள். மேட்ச் எங்கே என்பதைப் பொறுத்து அருகிலுள்ள மருத்துவமனையையும் எழுதி வையுங்கள்: பெரியமேடு என்றால் சென்ட்ரல் எதிரிலுள்ள ராஜீவ் காந்தி அரசு மருத்துவமனை, நேரு பார்க் என்றால் கீழ்ப்பாக்கம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனை, ராயபுரம் பக்கம் என்றால் ஸ்டான்லி.

அடிபடாமல் தடுக்கவும் வழி இருக்கிறது. ஃபிஃபா 11+ என்று 20 நிமிட வார்ம்-அப் ஒன்று உண்டு, வாரம் இரண்டு முறையாவது ஒழுங்காகச் செய்யும் டீம்களில் காயங்கள் 30 முதல் 50 சதவீதம் வரை குறைந்ததாக ஆய்வுகள் காட்டியிருக்கின்றன. பிள்ளையை 10 நிமிடம் தாமதமாகக் கொண்டுவந்து விட்டால் அவன் இழப்பது இந்த வார்ம்-அப்பைத்தான்.

ஆவணங்களை ஜூலைக்குள் முடியுங்கள். பிறப்புச் சான்று, ஆதார், பள்ளிச் சான்று மூன்றிலும் பெயர் ஒரே எழுத்தில் இருக்க வேண்டும். ஒன்றில் இனிஷியல், இன்னொன்றில் அப்பா பெயர் முழுசாக, இதுதான் நம் ஊரின் நிரந்தரத் தகராறு. மாநகராட்சியின் பிறப்புச் சான்றிதழை இணையத்திலேயே எடுக்கலாம், திருத்தத்துக்குத்தான் நாளாகும். வயதைக் குறைத்துக் காட்டும் யோசனை யாருக்காவது வந்தால் அங்கேயே தடுங்கள். அகில இந்தியக் கால்பந்துக் கூட்டமைப்பு மணிக்கட்டு எக்ஸ்-ரே எடுத்து எலும்பு வயதைப் பார்க்கிறது. ஒருவன் பிடிபட்டால் மொத்த டீமுமே வெளியே போக நேரலாம்.

மேட்ச் நடக்கும்போது கோட்டுக்கு வெளியிலிருந்து 'அடி, பாஸ் கொடு' என்று கத்தாதீர்கள். சார் ஒன்று சொல்கிறார், அப்பா ஒன்று சொல்கிறார், பிள்ளை பந்தை விட்டுவிட்டு நம்மைப் பார்க்கிறது. கைதட்டினால் போதும். ரெஃப்ரியிடம் பேசுவது கேப்டன் வேலை.

பெண் பிள்ளைகள் டீம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். 2018-லும் 2023-லும் தேசிய சீனியர் மகளிர் சாம்பியன்ஷிப்பை வென்ற மாநிலம் இது. ஆனால் எட்டாவது, ஒன்பதாவதிலேயே பெண்கள் நின்றுவிடுகிறார்கள், காரணங்கள் எல்லாம் பெரியவர்கள் சரிசெய்யக்கூடியவை. வெள்ளை ஷார்ட்ஸ் வாங்காதீர்கள், கறுப்போ கருநீலமோ வாங்குங்கள். உள்ளே அதே நிறத்தில் லெக்கிங்ஸ் போட விதி அனுமதிக்கிறது. தலைமறைப்பு அணிந்து ஆடவும் 2014 முதல் அனுமதி உண்டு. முதலுதவிப் பெட்டியில் நாப்கின் இருக்கட்டும். ஒவ்வொரு பிராக்டிஸிலும் ஒரு அம்மாவாவது மைதானத்தில் இருங்கள், மாலைப் பிராக்டிஸ் என்றால் தெருவாரியாகச் சேர்த்து வீட்டுக்கு அனுப்புங்கள். வெளியூர் போட்டிக்குப் பெண் ஆசிரியர் உடன் வந்தால்தான் அனுப்புவோம் என்று எழுதிக் கொடுங்கள்.

கடைசியாக, பத்தாவது. ஒன்பதாவது முடிந்ததும் ஷூவைப் பரணில் போடுகிற வீடுகள் ஏராளம். 5 முதல் 17 வயது வரை சராசரியாகத் தினம் ஒரு மணி நேரம் உடலுழைப்பு வேண்டும் என்கிறது உலக சுகாதார நிறுவனம், அதில் பொதுத்தேர்வுக்கு விலக்கு இல்லை. ஒரு வருடம் முழுக்க நிறுத்திய பையன் பிளஸ் ஒன்னில் திரும்பி வருவது அரிது, வந்தாலும் பழைய வேகத்தில் இறங்கித் தசையைக் கிழித்துக்கொள்கிறான். பொறியியல் கலந்தாய்வில் விளையாட்டு வீரர்களுக்குத் தனி ஒதுக்கீடு இருக்கிறது. அதற்கு எடுபடும் சான்றிதழ்கள் பெரும்பாலும் பிளஸ் டூ வரையிலான அதிகாரப்பூர்வப் போட்டிகளில்தான் கிடைக்கும், தனியார் கோப்பைகளில் கிடைக்காது. ஜனவரியிலிருந்து மூன்று நாளை இரண்டாகக் குறைக்கலாம், ஒரு மணி நேரம் மட்டும், மேட்ச் இல்லாமல். இதை ஒரு வீட்டிலிருந்து மட்டும் கேட்டால் தலைமையாசிரியர் மறுத்துவிடுவார். பத்தாவது படிக்கும் ஆறேழு பிள்ளைகளின் பெற்றோர் சேர்ந்து, அரையாண்டுத் தேர்வுக்கு முன்பே போய், எந்த இரண்டு நாள், எத்தனை மணிக்கு முடியும், யார் வந்து அழைத்துப் போவார்கள் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுங்கள்.