இசக்கி என்று பெயர் வைத்தால் என்ன குறை?

முந்தாநாள் தம்பி மகளின் படத்தைப் பெயரோடு இங்கே போட்டதும் கீழே வந்த கருத்துகளை நீங்களே பார்த்தீர்கள். இசக்கியம்மாள் என்ற பெயருக்கு அவ்வளவு சிரிப்பு. "பெரியவளானதும் உங்கள் மேல் கேஸ் போடுவாள்" என்கிறார் ஒருவர். "வேறு பேரே கிடைக்கலையா?" என்கிறார் இன்னொருவர். இரண்டு நாள் பேசாமல் இருந்து பார்த்தேன். முடியவில்லை.

பிறப்பைப் பதிந்துவிட்டால், பெயரை ஓராண்டுக்குள் கட்டணமில்லாமல் சேர்க்கலாம். தம்பி பத்து மாதம் யோசித்தான். முப்பந்தல் இசக்கியம்மன் கோயிலில் வேண்டிக்கொண்டு பிறந்த பிள்ளை, அதனால் இந்தப் பெயர். வேறு பேர் கிடைக்காமல் வைத்தது அல்ல.

நான் சொல்ல வருவது ஒன்றுதான். நம் பெயர்களில் ஊர் இருந்தது. பெரும்பாலும் அந்தந்த ஊர்ச் சாமியின் பெயரையே பிள்ளைக்கு வைத்தார்கள். காந்திமதி, நெல்லையப்பன் என்றால் திருநெல்வேலி. கோமதி, சங்கரநாராயணன் என்றால் சங்கரன்கோவில் பக்கம். தாணுமாலயன் என்றால் சுசீந்திரத்தைத் தாண்டி யோசிக்க வேண்டாம். மருதாசலம் கோயம்புத்தூர்க்காரர். பெண் பெயர் 'ஆத்தாள்' என்று முடிந்தால் கொங்கு நாடு. ஏகாம்பரத்தில் காஞ்சிபுரம் இருக்கிறது, உண்ணாமுலையில் திருவண்ணாமலை இருக்கிறது. நாகூர் மீரானுக்கும் ஆரோக்கியமேரிக்கும் விளக்கமே தேவையில்லை. பேரைச் சொன்னால் ஆள் எந்தப் பஸ்ஸில் வந்து இறங்கியிருப்பார் என்று சொல்லிவிடலாம்.

இன்றைக்கு நாகர்கோவில் பால்வாடிப் பதிவேட்டையும் ஓசூர் பால்வாடிப் பதிவேட்டையும் மாற்றி வைத்தால் யாருக்கும் தெரியாது. தன்விகா, தர்ஷிகா, கவின், மித்ரன். நல்ல பெயர்கள்தான். என் மகன் பெயரும் இந்த வரிசையில் வருவதுதான். ஆனால் அதில் ஊர் இல்லை.

பெயரில் சாதி தெரியும் என்பீர்கள். அதில் நியாயம் இருக்கிறது. குலசாமி பெயரைக் கேட்டே ஆளை எடைபோடுகிற ஊர் இது. அதில் அடிபட்டவர்கள் பிள்ளைக்காவது வேண்டாம் என்று மாற்றினால் நான் ஒரு வார்த்தை சொல்ல மாட்டேன். ஆனால் முந்தாநாள் சிரித்தவர்கள் அதற்காகவா சிரித்தார்கள்? பழசு, பட்டிக்காடு, அதனால் சிரித்தார்கள். வெளிநாட்டுக்காரன் வாயில் நுழையாதாம். நுழையாவிட்டால் பழகிக்கொள்ளட்டும். நட்சத்திர எழுத்து, கூட்டு எண் என்று வருகிறவர்களுக்குப் பதில் சொல்ல எனக்குத் தெம்பில்லை.

இவ்வளவு கோபம் ஏன் என்று தம்பியே கேட்டான். சொல்கிறேன். உங்களுக்கு என்னை எஸ். முத்துவாகத்தான் தெரியும். அந்த எஸ் என் அப்பா பெயர் இல்லை. நான் சுடலைமுத்து; சுடலைமாடன் சாமியின் பெயர். சென்னைக்குப் படிக்க வந்த முதல் வாரம், "சுடலைன்னா சுடுகாடுதானே?" என்று விடுதியில் ஒருவன் கேட்டான். மொத்த அறையும் சிரித்தது. அன்றைக்கே சுடலையை ஓர் எழுத்தாகச் சுருக்கிவிட்டேன்.

அப்பா மட்டும் இன்லண்ட் லெட்டரில் சுடலைமுத்து என்று முழுசாக எழுதுவார். நீல மையில், 'சு'வின் சுழியைப் பெரிதாகப் போட்டு. தபால் வந்ததும் யார் கண்ணிலும் படுவதற்குள் சட்டைப் பைக்குள் திணித்துக்கொள்வேன். ஒரு விடுமுறையில் ஊருக்குப் போனபோது, "ஏல, லெட்டருல பேரைச் சுருக்கிப் போடட்டுமா?" என்று கேட்டார். யார் சொன்னார்களோ, அவராகவே கண்டுகொண்டாரோ. நான் சரி என்று சொன்னேன். 'சரி' என்று மட்டும்தான் சொன்னேன். அடுத்த கடிதத்தில் எஸ். முத்து என்று இருந்தது. அதே நீல மை. கடைசி வரைக்கும் அப்படியேதான் எழுதினார்.

இப்போது அந்த வீட்டில் 'ஏட்டி இசக்கி' என்று கூப்பிட்டால் ஒரு பிள்ளை தவழ்வதை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்க்கிறது. தயவுசெய்து அவள் படத்துக்குக் கீழே அந்தச் சிரிப்பு வேண்டாம்.