கொத்து ரொட்டி ஏழு தலைமுறையின் மரபணுவை மாற்றுமா?

"கர்ப்பிணி கொத்து ரொட்டி சாப்பிட்டால் ஏழு தலைமுறைக்கு மரபணு மாறிவிடும், எலியில் நிரூபித்துவிட்டார்கள். கிளினிக்கில் தரும் ஃபோலிக் அமிலமும் அப்படித்தான், விழுங்காதீர்கள்." கொழும்பில் வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனைப் பக்க வாட்ஸ்அப் குழுக்களில் சுற்றும் இந்தத் தகவல் தவறு.

எலிச் சோதனை நடந்தது உண்மைதான். அமெரிக்காவின் டியூக் பல்கலைக்கழகத்தில் வாட்டர்லேண்ட், ஜர்ட்டில் என்ற இரு ஆய்வாளர்கள் செய்து 2003 இல் வெளியிட்டார்கள். ரோம நிறத்தை முடிவுசெய்யும் அகூட்டி என்ற மரபணுவில் ஏற்கெனவே உள்ள ஒரு கோளாறைத் தந்தையிடமிருந்து பெறும் சுண்டெலிக் குட்டிகளை வைத்துச் செய்தது அது. அந்தக் கோளாறு முழுதாக வேலை செய்தால் மஞ்சள் ரோமம், கொழுத்த உடல். சினைப்படுவதற்கு இரண்டு வாரம் முன்பிருந்தே தாய் எலிகளுக்கு ஃபோலிக் அமிலம், பி12, கோலின், பீட்டெய்ன் கூட்டிக் கொடுத்தார்கள். குட்டிகளில் பழுப்பு நிறம் அதிகமானது. மரபணுவின் எழுத்துவரிசை மாறவில்லை. அதன்மேல் ஒட்டும் மெத்தில் குறிகள் என்ற சிறு வேதி அடையாளங்கள் கூடி, அதன் வேலை அடங்கியது. குழாயை மூடினால் குழாயே மாறிவிட்டது என்போமா?

சரி, ஏழு தலைமுறை? வாட்டர்லேண்ட் குழுவே 2007 இல் பார்த்தது: உணவால் கூடிய குறிகள் தாய்வழியே அடுத்தடுத்த தலைமுறைக்குச் சேர்ந்துகொண்டே போகவில்லை. கருவணுக்கள், அதாவது விந்தும் முட்டையும், உருவாகும்போது பெரும்பாலான குறிகள் அழிக்கப்படுகின்றன. நெதர்லாந்தின் 1944–45 பஞ்சத்தில் கருவானவர்களிடம் அறுபது வருடம் கழித்தும் ஒரு மரபணுவில் மெத்தில் குறி குறைந்திருந்தது. ஆனால் அவர்கள் பஞ்சத்தின்போதே வயிற்றில் இருந்தவர்கள், பேரப்பிள்ளைகள் அல்லர்.

இந்தத் தகவலில் எனக்குக் கோபம் வருவது கடைசி வரிக்குத்தான். குழந்தையின் மூளையும் முள்ளந்தண்டு வடமும் உருவாகும் நரம்புக்குழல் கருவுற்ற நான்கு வாரத்துக்குள் மூடிவிடும். அது சரியாக மூடத்தான் கர்ப்பத்துக்கு முன்பே ஃபோலிக் அமிலம் தருகிறார்கள். மாத்திரையை நிறுத்தாதீர்கள்.